செஸ் என்ஜினுக்கு கேமிங் லேப்டாப் வாங்கணுமா?

கேள்வி: வணக்கம் சார், நாங்க கடலூர் திருப்பாப்புலியூர். பையன் ஏழாவது படிக்கிறான், செஸ்னா உசுரு. எங்க அண்ணன் குடுத்த பழைய லேப்டாப் ஒண்ணு இருக்கு, ஐ3 ரெண்டாவது ஜெனரேஷன். அதுல ஸ்டாக்ஃபிஷ்னு செஸ் மூவ் கணக்குப் போடற என்ஜின எறக்கி கிளிக் பண்ணா கறுப்பா ஒரு விண்டோ வந்து உடனே மூடிக்குது. பாண்டில ஒரு கடைல காட்டினா போர்டு போச்சு, இப்ப செஸ் எல்லாம் ஏஐ ஆயிடுச்சு, கிராபிக்ஸ் கார்டு வச்ச கேமிங் லேப்டாப்தான் வேணும்னு சொல்றாங்க. இஎம்ஐ போட்டு வாங்கிடலாமா?

பதில்: அவசரப்படாதீங்கம்மா. மத்த வேலையெல்லாம் அதுல ஓடுதுன்னா போர்டு போகல, நீங்க எறக்கின ஃபைல்தான் மாறிப்போயிருக்கும். ஸ்டாக்ஃபிஷ் பல ஃபைலா கெடைக்கும், ஏவிஎக்ஸ்2-ன்னு பேர் இருக்கறத எடுத்திருப்பீங்க, அது ஒரே கட்டளைல நிறைய எண்ணச் சேர்த்துக் கணக்குப் போடற வசதி, இன்டெல்ல அது 2013-ல வந்த நாலாவது ஜெனரேஷன்லேர்ந்துதான் இருக்கு, உங்க ப்ராசஸருக்கு அந்தக் கட்டளையே புரியாது, அதான் நின்னுடுது. எஸ்எஸ்இ41-பாப்கவுண்ட்னு இருக்கற ஃபைல எறக்கிப் பாருங்க.

ஒரே என்ஜினுக்கு ஏன் இத்தனை ஃபைல்னா, என்ஜின் எழுதறவங்க சிப்ப பார்த்துதான் எழுதறாங்க. செஸ் போர்டுல 64 கட்டம், 64 பிட் கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணுக்கு 64 பிட், ஒவ்வொரு பிட்டும் 0 இல்லன்னா 1, கட்டத்துக்கு ஒரு பிட்னு வச்சா வெள்ளைச் சிப்பாய் எங்கெங்க நிக்குதுங்கறது மொத்தமும் ஒரே எண்ணுல அடங்கிடும், எத்தனை சிப்பாய்னு எண்ண பாப்கவுண்ட்னு ஒரே கட்டளை போதும். அப்புறம் 2018-ல ஜப்பான்ல யூ நாசுங்கறவர் ஷோகிங்கற ஜப்பான் செஸ் ஆட்டத்துக்காக என்என்யூஈ-ன்னு ஒரு நியூரல் நெட்வொர்க் செஞ்சார், 2020 செப்டம்பர்ல ஸ்டாக்ஃபிஷ் 12-ல அது வந்துடுச்சு. கடைக்காரர் சொல்ற ஏஐ இதுதான், ஆனா இத சாதாரண ப்ராசஸர்ல ஓடறதுக்குன்னே செஞ்சாங்க. ஒரு மூவ்ல ஒண்ணு ரெண்டு காய்தானே நகருது, அதனால முழுசா திரும்பக் கணக்குப் போடாம மாறினத மட்டும் கூட்டிக் கழிக்கும், எண்களையும் சின்னதா வச்சிருக்காங்க, 8 பிட் எண்ணா இருந்தா ஏவிஎக்ஸ்2 ஒரே தடவைல 32 எண்ணப் பார்த்துடும். கிராபிக்ஸ் கார்டுக்கு இதுல வேலையே இல்ல. லீலான்னு ஒரு என்ஜின் இருக்கு, அதுக்குத்தான் நல்ல கார்டு வேணும், கோச் அதக் கேட்டிருந்தா மட்டும் யோசிங்க.

பையன் ஆடின கேம்ல எங்க தப்புன்னு பார்க்க உங்க பழைய லேப்டாப்பே போதும், ஃபோன்ல ஓடற ஸ்டாக்ஃபிஷே எந்த கிராண்ட்மாஸ்டரயும் ஜெயிக்கும்.

அப்படியும் புதுசு வேணும்னா வீட்டுக்கு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணிக்குங்க, ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் நல்லது, அதுல ஆறு கோர், அதாவது கணக்குப் போடற பகுதி ஆறு இருக்கு, கூடவே ஒரு யூபிஎஸ். லேப்டாப்தான்னா ரைசன் 7000 மாடல் நம்பர்ல மூணாவது இலக்கத்தப் பாருங்க. 7520யூ-ன்னா உள்ள இருக்கறது 2019-ல வந்த ஜென் 2 டிசைன், 7530யூ-ன்னா அதுக்கு அடுத்த ஜென் 3. பேர் என்னவோ ரெண்டுமே ரைசன் 5-தான், இத கடைல யாரும் எடுத்துச் சொல்ல மாட்டாங்க, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

பென்டிரைவ்ல ஸ்டாக்ஃபிஷ கொண்டு போய் கடையிலயே ஓட்டுங்க, அந்தக் கறுப்பு விண்டோல பெஞ்ச்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி என்டர் தட்டினா கடைசி வரில செகண்டுக்கு எத்தனை நிலை பார்த்துச்சுன்னு ஒரு எண் வரும், ரெண்டு மிஷின ஒப்பிடறதா இருந்தா ரெண்டுலயும் அதே ஃபைல ஓட்டி அந்த எண்ண எழுதிக்குங்க. அப்புறம் எல்லா கோரும் போட்டு பத்து நிமிஷம் அனலைஸ் பண்ண விட்டுட்டு வேகம் எவ்ளோ எறங்குதுன்னு பாருங்க. கடை ஏசிலயே எறங்குதுன்னா நம்ம ஊர் கத்திரி வெயில்ல அது தாங்காது.

கேள்வி: நெல்லித்தோப்புல ஒருத்தர் ஸ்டாக்ஃபிஷ் ஃபுல் வெர்ஷன்னு பென்டிரைவ்ல காசுக்குத் தர்றார், வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் முழுசும் இலவசம், தனியா ஃபுல் வெர்ஷன்னு ஒண்ணு கெடையாது. அவங்க சொந்த சைட்லேர்ந்தே எறக்கிக்குங்க.