ஸ்ட்ராடஜி கேம்களில் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் ஃபேக்ஷன்கள் வாங்கத் தகுந்தவைதானா?

நீங்கள் கேட்டிருப்பது இது: டோட்டல் வார்: வார்ஹாமர் 3 கையில் இருக்கிறது. அதோடு வந்த ஃபேக்ஷன்களில், அதாவது நாம் தேர்ந்தெடுத்து ஆடும் இனங்களில், பாதியைக்கூட இன்னும் ஆடவில்லை. ஆனால் கடைப் பக்கத்தைத் திறந்தால் டிஎல்சி, அதாவது கேமுக்கு மேல் தனியாக விற்கும் கூடுதல் பொதிகள், வரிசைகட்டி நிற்கிறது. வாங்கலாமா, வாங்கினால் எதை?

வாங்கலாம். மொத்தமாக வேண்டாம், வெளிவந்த அன்றைக்கே வேண்டாம். அந்த ஃபேக்ஷன் கேமின் அடிப்படைக் கணக்கை மாற்றுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். மாற்றுகிறது என்றால் தாராளமாகக் காசு கொடுக்கலாம். புதுக் கொடியும் புதுச் சீருடையும் போட்டுக்கொண்டு பழைய ஆட்டத்தையே ஆடவைக்கிறது என்றால், பாதி விலைக்கு வந்தாலும் விட்டுவிடலாம்.

கணக்கை மாற்றுவது என்று நான் சொல்வதற்குச் சரியான உதாரணம் உங்கள் கேமிலேயே இருக்கிறது. வார்ஹாமர் தொடரில் அநேகமாக எல்லா இனத்துக்கும் பணம்தான் கடிவாளம். ஒரு யூனிட்டை (படைப்பிரிவை) சேர்க்கப் பணம், அப்புறம் டர்னுக்கு டர்ன், அதாவது ஆடும் முறைக்கு முறை, பராமரிப்புச் செலவு. இரண்டாவது படை வைத்துக்கொள்ள வருமானம் தாங்குமா என்று யோசித்துக்கொண்டேதான் ஆடுவோம். 2018 ஜனவரியில் டிஎல்சியாக வந்த டூம் கிங்ஸ் இனத்துக்கு அந்தக் கடிவாளமே கிடையாது. எலும்புக்கூட்டுப் படையைச் சேர்க்கவும் காசு இல்லை, வைத்துக்கொள்ளவும் காசு இல்லை. அதற்குப் பதிலாக உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மொத்தம் எத்தனை படை என்பதற்கு ஒரு வரம்பு, தேர்ப்படையும் உஷப்தியும் போன்ற நல்ல யூனிட்கள் எத்தனை என்பதற்குத் தனித்தனி வரம்பு. இன்னொரு தேர்ப்படை வேண்டுமா, அதற்குரிய கட்டடத்தை இன்னொரு ஊரில் கட்டவேண்டும். இன்னொரு படை வேண்டுமா, பழைய அரச வம்சங்களை ஆராய்ச்சியில் ஒவ்வொன்றாக எழுப்பவேண்டும். அந்த ஆராய்ச்சியோ நத்தை வேகம்.

இதனால் என்ன ஆகிறது என்றால், உங்கள் கவலைகள் எல்லாமே இடம் மாறிவிடுகின்றன. வேறு இனத்தில் 20 யூனிட் கொண்ட முழுப்படை ஒன்று அழிந்தால் அதில் போட்ட பணம் அத்தனையும் போயிற்று. இங்கே திரும்பச் சேர்க்கச் செலவில்லை, போவது நேரம் மட்டும்தான். ஆகவே சண்டைக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் கையில் இருப்பது ஒன்றிரண்டு படைதான் என்பதால் அதை எந்த எல்லையில் நிறுத்துவது என்பது பெரிய தலைவலி. கிழக்கே போனால் மேற்கே ஊர் பறிபோகும். வருகிற பணத்தை எல்லாம் கட்டடத்தில் கொட்டலாம், கொட்டத்தான் வேண்டும், ஏனென்றால் கட்டடம்தான் படை. களத்திலும் இதே கதைதான். இவர்கள் பயந்து ஓடமாட்டார்கள், நிலைமை கைமீறினால் நின்ற இடத்திலேயே உதிர்ந்துபோவார்கள். உங்கள் பக்கம் ஆள் விழ விழ ஒரு அளவுகோல் நிரம்பிக்கொண்டே வரும். குறிப்பிட்ட கட்டத்தை எட்டியதும் மிச்சமிருக்கும் படைக்கு உயிர் ஏறும். முன்வரிசை சரியும் நேரத்தில் பதறாமல் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பது இங்கே ஒரு தந்திரம். இத்தனை நாள் பழகிய கேமில் இப்படி ஒரு பொறுமையை அதற்கு முன் எனக்கு எந்த இனமும் கற்றுத்தரவில்லை.

சிவிலைசேஷன் 6-இல் இதையே இரண்டு நாகரிகங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் 2020-இல் தொடங்கிய நியூ ஃப்ரண்டியர் பாஸில் வந்தவை. கிரான் கொலம்பியாவின் யூனிட்கள் எல்லாம் மற்றவர்களைவிட ஒரு கட்டம் கூடுதலாக நகரும். அபாரமான பலம், ஜெயிப்பது எளிது. ஆனால் நீங்கள் ஆடுவது அதே ஆட்டத்தை, கொஞ்சம் வேகமாக. பாபிலோன் அப்படியில்லை. அதன் அறிவியல் வருமானம் பாதியாக வெட்டப்பட்டிருக்கிறது. மாறாக, யுரேகா (குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்தால் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் ஊக்கம்) கிடைத்தால் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதிக்குப் பதில் முழுத் தொழில்நுட்பமும் அந்தக் கணமே கைக்கு வருகிறது. நூலகமாகக் கட்டித்தள்ளி விஞ்ஞானத்தைச் சேர்க்கும் பழக்கம் அங்கே உதவாது. எந்தச் சுரங்கத்தைத் தோண்டினால் எந்த யுரேகா திறக்கும், அது எந்த வழியில் அடுத்ததற்குப் போகும் என்று தொழில்நுட்ப மரத்தைத் தலைகீழாகப் படிக்கவேண்டும். பலத்துக்காக வாங்கிய ஃபேக்ஷன் நாலு ஆட்டத்தில் அலுத்துவிடும். யோசிக்கவைக்கும் ஃபேக்ஷனுக்கு ஆயுள் அதிகம்.

ஸ்டெல்லாரிஸில் 2017-இல் வந்த சிந்தெடிக் டான் இன்னொரு நல்ல வாங்கல். அதில் ரோக் சர்விட்டர் என்றொரு இயந்திரப் பேரரசு. உயிருள்ள இனங்களைச் சீராட்டிப் பராமரிப்பதே அந்த இயந்திரங்களின் வேலை. அடுத்த நாட்டைப் பிடித்தால் அதன் மக்களை வேலை வாங்காமல் சொகுசாக உட்காரவைத்து, அவர்களை எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள் என்பதிலிருந்து பலன் பெறுகிறீர்கள். அதே கேமில் 2016-இல் வந்த பிளான்டாய்ட்ஸ், வந்த காலத்தில் தாவர முகங்களும் கப்பல் வடிவங்களும் மட்டும்தான். விளையாட்டு விதி எதையும் அது தொடவில்லை. பிற்பாடுதான் அதற்கென்று சில பண்புகளைச் சேர்த்தார்கள்.

வாங்காவிட்டால் கேம் குறைபட்டுப்போகும் என்ற பயம் பலருக்கு உண்டு. வார்ஹாமர் 3-இன் இம்மார்டல் எம்பயர்ஸ் வரைபடத்தில் நீங்கள் வாங்காத இனங்களும் இருக்கத்தான் செய்கின்றன, கணினி அவற்றை ஆடும். காசு கொடுப்பது அவர்கள் பக்கம் உட்கார்ந்து ஆடும் உரிமைக்கு மட்டுமே. இதைவிட நல்ல முன்னோட்டம் கிடையாது. எந்த எதிரி உங்களைத் தொடர்ந்து குழப்புகிறானோ, எவன் எப்படிப் படை சேர்க்கிறான் என்று உங்களுக்குப் புரியவே மாட்டேன் என்கிறதோ, அவன்தான் நீங்கள் வாங்கவேண்டிய ஆள். யூடியூப் விமர்சனங்களைவிட அந்தக் குழப்பத்தை நம்புங்கள்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இலும் இதே ஏற்பாடுதான், எதிராளி புது நாகரிகத்தோடு வந்தால் அதை வாங்காத நீங்களும் அவரோடு ஆடலாம். அங்கே 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா வந்தபோது நான் முதல் நாளே வாங்கினேன். மேலே சொன்ன விதிக்கு அது விலக்கு, காரணம் திராவிடர் நாகரிகம். கிராமவாசியைச் சொடுக்கினால் தமிழில் பதில் வருகிறது, ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு கேம்ப்பெய்ன் (தொடர் ஆட்டம்) இருக்கிறது. ஒரு ஃபேக்ஷன் மீது ஆசை என்பதே அதை வாங்க முழுமையான காரணம்தான், அதற்கு வேறு நியாயம் தேடவேண்டாம். ஆட்டத்திலும் அது சோடைபோகவில்லை. நைட் குதிரைப்படை கிடையாது, ஆகவே நிலத்தில் மற்றவர்கள் எளிதாகச் செய்யும் பாய்ச்சலை நீங்கள் செய்யமுடியாது. ஈடாக, ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் கைக்கு வருகிறது. காலாட்படையை உருவாக்கும் பாரக்ஸ் கட்டடத்தின் ஆராய்ச்சிகள் பாதிச் செலவில் முடிகின்றன. வூட்ஸ் எஃகை ஆராய்ந்துவிட்டால் உங்கள் வாள் எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் இறங்குகிறது. நீர் நிறைந்த வரைபடத்தில் திரிசடைக் கப்பலோடு ஆடிப்பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்பது தெரியும்.

மல்டிபிளேயர் ஆடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காசுக்கு விற்கும் ஃபேக்ஷன் வெளிவரும் வாரத்தில் அளவுக்கு மீறிய பலத்தோடு இருப்பது வழக்கமாகிவிட்டது. அதே டைனஸ்டீஸில் வந்த கூர்ஜரர் அப்படித்தான் வந்தார்கள், பிறகு பேட்ச் (திருத்த வெளியீடு) மேல் பேட்ச் போட்டுக் குறைத்தார்கள். ரேங்கில் ஏறலாம் என்று அந்தப் பலத்தை நம்பி வாங்காதீர்கள், நீங்கள் கைபழகி முடிப்பதற்குள் அது குறைந்திருக்கும். இந்த விஷயத்தில் ஸ்டார்கிராஃப்ட் 2-ஐ எனக்குப் பிடிக்கும். போட்டி ஆட்டத்தில் இருப்பது மூன்றே இனம், நாலாவது ஒன்றை அவர்கள் விற்கவே இல்லை. இருவர் சேர்ந்து கணினியை எதிர்த்து ஆடும் கோ-ஆப்பில் மட்டும் கமாண்டர்களை விற்றார்கள். அதிலும் ஒவ்வொரு கமாண்டரையும் 5-ஆம் லெவல் வரை இலவசமாக ஆடிப்பார்க்கலாம். ஃபேக்ஷன் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் இதைச் செய்யவேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2013 செப்டம்பரில் டோட்டல் வார்: ரோம் 2 வந்த அன்றைக்கே ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, எபிரஸ் மூன்றையும் கிரேக்கப் பொதி என்று தனியாக விற்றார்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அது இலவசம். பண்டைய மத்தியதரைக் கடலைப் பற்றிய கேமில் ஸ்பார்ட்டா தனி விலைக்கு என்றால், முழு விலை கொடுத்து வாங்கியவர் என்ன நினைப்பார்? 2016-இல் முதல் வார்ஹாமர் வந்தபோது கேயாஸ் வாரியர்ஸ் முன்பதிவுப் பரிசாக அறிவிக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே முதல் வாரத்தில் வாங்குபவர்களுக்கும் என்று நீட்டித்தார்கள். அந்தக் கேமின் கதையில் உலகத்தையே அழிக்க வரும் முக்கிய எதிரி அவர்கள்தான். இப்படி வெளியீட்டு நாளிலேயே பிரித்து விற்கும் ஃபேக்ஷனை நான் வாங்குவதில்லை, நீங்களும் வாங்கவேண்டாம் என்பேன். வாடிக்கையாளர்கள் சேர்ந்து குரல் கொடுத்தால் பலன் இருக்கிறது என்பதற்குச் ஒரு சாட்சி வார்ஹாமர் 3-இன் ஷேடோஸ் ஆஃப் சேஞ்ச் என்ற டிஎல்சி. 2023 ஆகஸ்டில் அது வந்தபோது, கூடிய விலைக்கு உள்ளடக்கம் போதாது என்று எல்லாப் பக்கமும் கொதித்தார்கள். 2024 பிப்ரவரியில் அதே பொதிக்குள் புது யூனிட்களைச் சேர்த்தார்கள், முன்பே வாங்கியவர்களுக்குக் கூடுதல் காசில்லாமல்.

காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வார்ஹாமர் தொடரில் 2016-இல் வந்த பீஸ்ட்மென் இனம், அன்று கொடுத்த காசுக்குக் குறைவாகவே தெரிந்தது. 2021-இல் அதை அடியோடு மாற்றிக் கட்டினார்கள், பழைய பொதியை வைத்திருந்த எல்லோருக்கும் அந்த மாற்றம் இலவசமாகவே கிடைத்தது. இன்றைக்கு அதை வாங்குகிறவருக்குக் கிடைப்பது அன்று வாங்கியவருக்குக் கிடைத்ததைவிட எத்தனையோ மேலான ஃபேக்ஷன். சில நேரம் காசே தேவைப்படாது. அதே தொடரின் பிரெட்டோனியா 2017-இல் இலவசமாக வந்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4-இல் ஆட்டோமான்களும் மாலியர்களும் 2022-இல் அப்படியே வந்தார்கள்.

ஸ்டீம் இணையக் கடையில் வாங்குவதானால் திருப்பிக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. டிஎல்சி வாங்கி 14 நாளுக்குள், வாங்கிய பிறகு மூல கேமை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பொதுவாகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒரு கேம்ப்பெய்னுக்கு இரண்டு மணி நேரம் எங்கே போதும் என்பீர்கள். தனிச் சண்டை ஒன்றும் கேம்ப்பெய்னின் முதல் பத்துப் பன்னிரண்டு டர்னும் ஆட அது போதும். அதற்குள் புதிதாக எதையும் யோசிக்கவேண்டி வரவில்லை என்றால் பெரும்பாலும் அதற்குப் பிறகும் வராது.

இனி உங்கள் பட்டியல். முதலில் டூம் கிங்ஸ். பழைய கேம்களின் டிஎல்சிக்கு எந்த மூல கேம் தேவை என்று கடைப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளுபடியில் எடுங்கள். அதை முழுதாக ஒரு கேம்ப்பெய்ன் ஆடிய பிறகும் ஆசை இருந்தால் 2023-இல் வந்த கேயாஸ் ட்வார்ஃப்ஸ். சண்டையில் பிடிக்கும் கைதிகளை உழைப்பாளிகளாக்கி, மூலப்பொருள் எடுத்து, அதை ஆயுதமாக்கி, அந்த ஆயுதத்தைக் கொண்டுதான் நல்ல யூனிட்களின் வரம்பை ஏற்றவேண்டும். தொழிற்சாலை நடத்துவதில் ருசி உள்ளவர்களுக்கு அது விருந்து. விலை அதிகம், ஆனால் உழைப்பு தெரிகிறது. லார்டுகளை (படைத்தலைவர்களை) மட்டும் சேர்க்கும் பொதிகளை, அந்த இனம் ஏற்கெனவே உங்களுக்குப் பிடித்தமானது என்றால் ஒழிய, தொடவேண்டாம். அதற்கெல்லாம் முன்னால், மூல கேமோடு வந்து கையில் இருக்கும் கேத்தே, கிஸ்லெவ் இனங்களையும் ஒரு முறை கடைசிவரை ஆடிவிடுங்கள்.