அவன் நாலாவது மூவ்லயே மாத்திட்டான், இனி என்ன செய்ற?

கேள்வி: சேர், நான் களுவாஞ்சிகுடி. ஓஎல் படிக்கிறன், ஸ்கூல் செஸ் டீம்ல இருக்கன். யூடியூப் பாத்து ஒரு ஓப்பனிங்க (கேம் தொடங்குற மூவ் வரிசை) 14 மூவ் வரைக்கும் பாடமாக்கினன். ஆனா எதிர்ல இருக்கிறவன் நாலாவது மூவ்லயே வேற என்னவும் விளையாடினா எனக்கு கை கால் ஓடுதில்ல. எல்லாருக்கும் எதிரா விளையாடக்கூடிய ஓப்பனிங் ஒண்டு இருக்கா?

பதில்: இருக்கு மனே, ஆனா அதையும் பாடமாக்கினா இதே கதிதான்.

நீ உங்கட ஊர்ல இருந்து மட்டக்களப்புக்கு சைக்கிள்ள வாறாய் எண்டு வை. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வாவி. மெயின் ரோட்ட எங்கயாவது மறிச்சிருந்தா எந்த குறுக்கு ரோட்டுக்குள்ள இறங்கினாலும் இது ரெண்டும் ஞாபகம் இருந்தா கல்லடிப் பாலத்துக்கு வந்து சேந்துருவாய். "மூண்டாவது சந்தில திரும்பு, அஞ்சாவதுல திரும்பு" எண்டு பாடமாக்கினவன்தான் நடுரோட்ல நிப்பான்.

நான் சொல்றது கிங்ஸ் இந்தியன் அட்டாக், வெள்ளைக் காயில விளையாடுற ஓப்பனிங். எஃப்3, ஜி3 எல்லாம் கட்டத்துட பேர், காய் பேர் சொல்லாட்டி அது சிப்பாய். குதிரை எஃப்3, சிப்பாய் ஜி3, பிஷப் ஜி2, கோட்டை கட்டு (ராஜாவயும் ரூக்கயும் ஒரே மூவ்ல நகர்த்தி ராஜாவ மூலைப் பக்கம் ஒதுக்குறது), டி3, மத்தக் குதிரை டி2, பிறகு ஈ4. அவ்வளவுதான் வீடு. எந்த ஓடர்லயும் கட்டலாம் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க, அது முக்கால்வாசி உண்மை.

மிச்சக் கால்வாசிய என்னட்ட படிக்கிற ஒரு புள்ள பட்டுத்தான் படிச்சிச்சு. இவர் குதிரை எஃப்3, எதிராளி டி5. ஜி3, அவன் குதிரை சி6. பிஷப் ஜி2, அவன் ஈ5. இவர் பழக்கதோஷத்துல கோட்டை கட்டிட்டார், அவன் ஈ4 எண்டு தள்ளினான். இப்ப எஃப்3 குதிரை எங்க போற? டி4க்கு போனா சி6 குதிரை வெட்டும், ஜி5க்கு போனா ராணி வெட்டும், எச்4க்கு போனா ஜி5 தள்ளி அமுக்கிருவான். ஈ1க்கு திரும்பிப் போறதத் தவிர வேற வழியில்ல. கோட்டை கட்ட முந்தி டி3 வச்சிருந்தா அந்தத் தள்ளலே நடக்காது. டி3 சும்மா ஒரு சின்ன மூவ் இல்ல, அது வாசல் கதவு, இது விளங்கினவனுக்கு ஓடர் பாடமாக்கத் தேவையில்ல.

வீடு கட்டின பிறகுதான் உண்மையான வேலை, நடுவ அவன் என்ன வச்சிருக்கான் எண்டு பாரு. ஈ6, டி5, சி5 எண்டு வச்சு, ராஜா பக்கம் கோட்டையும் கட்டிட்டானா, ஈ5 தள்ளு. எஃப்6ல நிக்கிற அவன்ட குதிரை ஓடும், ராஜாவோட சேந்து எச்7ஐ காவல் காக்கிறது அந்தக் குதிரைதான். பிறகு ரூக் ஈ1, எச்4, குதிரைய எஃப்1 வழியா சுத்திக் கொண்டு வா. அவன் டி5, ஈ5 ரெண்டையும் வச்சிருந்தா தள்ள இடமில்ல, அங்க டி5ஐ வெட்டு, ரூக் ஈ1, டி2 குதிரைய சி4க்கு விடு, மூண்டு காயும் சேந்து ஈ5 சிப்பாய அடிக்கும். ஜி6 வச்சு பிஷப்ப ஜி7ல போட்டிருந்தா அவசரப்படாத, சி3 வச்சு டி4க்கு ஆயத்தமாகு.

ஒரு குறையும் சொல்லணும், இதுல சட்டெண்டு ஒண்டும் கிடைக்காது. பொறுமை இல்லாதவனுக்கு கொட்டாவிதான் வரும்.

பழகுறதுக்கு, கொப்பில ஒவ்வொரு மூவுக்கும் பக்கத்துல "ஏன்" எண்டு ஒரு வரி எழுது, எழுத வராத மூவ்தான் உனக்கு விளங்காத மூவ். ரெண்டு நிமிச கேம் வேணாம், 15 நிமிசம் வச்சு ஆடு. அமெரிக்க செஸ் வீரர் பொபி ஃபிஷர் 1967ல துனிசியாவில மொங்கோலிய வீரர் மியக்மர்சுரேனோட விளையாடின கேம எடுத்து, மூவ மறைச்சுப் போட்டு அடுத்தது என்ன எண்டு நீயே சொல்லிப் பாரு, ஈ5 தள்ளலும் எச்4ம் அதுல அப்படியே வரும். 31ஆவது மூவ்ல ராணியக் கொண்டு போய் எச்7ல குடுப்பார், அதோட கேம் முடிஞ்சுது.

கறுப்புக் காயிலயும் இதே வீட்டக் கட்டலாம், ஆனா ஒரு மூவ் பிந்தித்தான் நிப்பாய், அதால வெள்ளையில ஒரு மாசம் ஆடிட்டு அங்க போ.