வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தனியாக ஃபயர்வால் வாங்கணுமா?

விண்டோஸ் 11 போட்ட வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்து ஃபயர்வால் (நெட்வொர்க் இணைப்புகளை வடிகட்டும் தடுப்பு) வாங்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், விண்டோஸிலேயே இருப்பது போதும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வார்ம் (தானாகவே பரவும் தீய புரோகிராம்), யாரும் எதையும் கிளிக் செய்யாமலே 135ஆம் போர்ட் (இணைப்புகள் வந்து போகும் எண்ணிட்ட வாசல்) வழியாகக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது; அடுத்த வருடம் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட் வந்தபோதுதான் மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலை எல்லோருக்கும் ஆன் செய்தே கொடுத்தது. வெளியிலிருந்து கேட்காமல் வரும் இணைப்பை அது தடுக்கும், உள்ளிருந்து வெளியே போவதைப் பொதுவாக விட்டுவிடும். அதனால் நீங்களே கிராக் சாஃப்ட்வேர் இறக்கி, அது உங்கள் தகவலை வெளியே அனுப்பினால் ஃபயர்வாலைக் குறை சொல்ல முடியாது.

நான் கவனிக்கச் சொல்வது வேறு இடம். புது புரோகிராம் ஒன்று வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்க அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும் பாருங்கள், அதில் பப்ளிக் என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள்; போட்டால் ரயில் நிலைய வைஃபையில் இருக்கும்போதும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். அப்புறம் ரௌட்டர். அதன் அட்மின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள், அதிலுள்ள யுபிஎன்பி என்ற வசதி தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள், வீட்டில் இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே போர்ட் திறக்க அது வழிவிடுகிறது.