டிசம்பர் வரை பொறுக்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில், லைசென்ஸ் எடுத்து வீடு புதுப்பிக்கும் வேலை செய்கிறேன். ஒரு தமிழர் வீட்டில் சமையலறையும் இரண்டு குளியலறையும் முடித்துக் கொடுத்தது பிப்ரவரி 2. பாக்கி 38,000 டாலர். மார்ச் 10-ல், பாக்கிக்கு ஈடாக வீட்டின் மேல் உரிமை கோரும் மெக்கானிக்ஸ் லியன் பதிந்தேன். "கேஸ் எதுக்கு அண்ணா, பழைய வீட்டு லோனை அடைச்சுப் புது லோன் எடுத்து, அதான் ரீஃபைனான்ஸ் பண்ணி, டிசம்பர் 31-க்குள்ள கொடுத்துடறேன்" என்று வாட்ஸ்அப்பில் கெஞ்சுகிறார். தமிழ்ச் சங்கத்தில் அடிக்கடி பார்க்கிற முகம். பொறுக்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: பொறுக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பை நம்பிப் பொறுத்தால், ஜூன் 8 தாண்டியதும் உங்கள் லியன் செத்துவிடும். லியன் பதிந்த 90 நாளுக்குள் அதை நிறைவேற்றக் கோரி வழக்குப் போட வேண்டும் என்கிறது கலிஃபோர்னியா சிவில் சட்டத்தின் 8460-ஆம் பிரிவு. பதிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

கடன் அதோடு போய்விடாது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் பணம் கேட்டு வழக்குப் போட நான்கு ஆண்டு உண்டு. ஆனால் வீட்டின் மேலுள்ள பிடி போய்விடும். அவர் ரீஃபைனான்ஸ் செய்யும்போது வீட்டின் மேல் வில்லங்கம் உண்டா என்று பார்க்கும் டைட்டில் கம்பெனி உங்கள் பாக்கியைத் தீர்க்கச் சொல்வதே இந்த லியன் இருப்பதால்தான். அது காலாவதியானால் உங்களைக் கேட்காமலே ரீஃபைனான்ஸ் முடிந்துவிடும். போதாததற்கு, காலாவதியான லியனை நீக்கக் கோரி அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தால், அவருடைய வக்கீல் செலவும் உங்கள் தலையில்.

அவகாசம் கொடுக்க அதே பிரிவில் வழி இருக்கிறது. தவணை தர இருவரும் ஒப்புக்கொண்டு, அந்தத் தவணையையும் அதன் நிபந்தனைகளையும் எழுதி, லியன் பதிந்த அதே அலமேடா கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் ஜூன் 8-க்குள் பதிய வேண்டும். அதன்பின், தவணை முடிந்த நாளிலிருந்து 90 நாள் கிடைக்கும்.

இங்கேதான் டிசம்பர் 31 இடிக்கிறது. எவ்வளவு தவணை கொடுத்தாலும், வேலை முடிந்த ஓராண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து 90 நாள் எண்ணினால் மார்ச் 31 வரும். சட்டமோ அடுத்த பிப்ரவரி 2-லேயே கதவைச் சாத்திவிடும். அவர் சொன்ன தேதிக்கு ஒப்புக்கொண்டால், பணம் வராதபோது வக்கீலைப் பிடித்து வழக்குப் போட ஒரு மாதம்தான் மிஞ்சும், அதுவும் புத்தாண்டு விடுமுறையோடு. அக்டோபர் 31 என்று எழுதுங்கள். 90 நாள் ஜனவரி 29-ல் முடியும். ஓராண்டுக் கெடுவுக்குள் அடங்கும்.

நல்லவராகவே இருக்கட்டும். "மனசு நோகும்படி கேஸ் போடவில்லை, ஒரு கையெழுத்துப் போடுங்கள், ரெக்கார்டரில் பதிந்துவிடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையிலேயே கொடுக்க நினைப்பவருக்கு அதில் நஷ்டமில்லை. மழுப்பினால் மே மாதத்துக்குள் வக்கீலைப் பார்த்து வழக்கைப் போடுங்கள். போட்ட 20 நாளுக்குள் வழக்கு நிலுவையில் இருப்பதற்கான அறிவிப்பையும் ரெக்கார்டரிடம் பதிய வேண்டும். அதை வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.