பேரிங் தாளில் இருந்த எண்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 12 வயது. செஸ் ரேட்டிங் 1450. போன வாரப் போட்டியில் முதல் சுற்றிலேயே 1850 ரேட்டிங்காரரோடு ஆட விட்டார்கள். யார் யாரோடு ஆட வேண்டும் என்று போடும் பேரிங் தாளைப் பார்த்ததும் பையன் முகம் சுண்டிவிட்டது. "எல்லாக் காயையும் வெட்டிவிட்டு டிராவுக்கு ஆடு" என்றேன். அப்படியே ஆடித் தோற்றான். இப்படி ஜோடி சேர்ப்பது நியாயமா?

ஒரு தகப்பன், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஜோடியில் தப்பில்லை. சுவிஸ் என்ற ஜோடி சேர்க்கும் முறையில், முதல் சுற்றுக்குப் பட்டியலை ரேட்டிங்படி அடுக்கிப் பாதியாகப் பிரித்து, மேல் பாதியின் முதல் ஆளைக் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு உட்கார வைப்பார்கள். தப்பு உங்கள் யோசனையில்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் செய்த தப்பு அது.

கல்லூரி நாளில் என்னைவிடப் பல படி மேலான ஒருவரோடு ஆடினேன். பத்தாவது நகர்த்தலிலேயே ராணிக்கு ராணி வெட்டி மாற்றிக்கொண்டேன். அப்புறம் குதிரைகள், மந்திரிகள். கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, ஐந்து சிப்பாய். அப்பாடா என்றிருந்தது. அதுவரை எழுந்து எழுந்து டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தவர், அப்போதுதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் ராஜா என் சிப்பாய்களுக்கு நடுவே வந்து நின்றது. என் ராஜா இன்னும் மூலையில்! காய் குறையக் குறைய பலசாலிக்குத்தான் வசதி. காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான எண்ட்கேம் அவர் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி, இருட்டிலும் நடப்பார். கூட்டமும் குழப்பமுமாக இருக்கும் போர்டில்தான் அவரும் இடறுவார்.

2004-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில், பின்னாளில் உலக சாம்பியனான கார்ல்சன் 13 வயதில், முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவோடு ரேபிட் என்னும் குறைந்த நேர ஆட்டம் ஆடினார். இருவருக்கும் ரேட்டிங்கில் சுமார் 350 புள்ளி இடைவெளி, உங்கள் வீட்டுக் கதைதான். காஸ்பரோவ் தாமதமாக வந்து உட்கார்ந்து யோசிக்க, பையன் எழுந்துபோய்ப் பக்கத்து போர்டுகளை வேடிக்கை பார்த்தான். ஆட்டம் டிரா. அதுவும் பையன் கை ஓங்கியிருந்த டிரா. அடுத்த ஆட்டத்தில் காஸ்பரோவ் ஜெயித்துவிட்டார், அது வேறு.

சரி, கணக்குக்கு வருவோம். ரேட்டிங்கில் 400 புள்ளி வித்தியாசம் என்றால், பதினொரு ஆட்டத்தில் உங்கள் மகனுக்கு ஒரு வெற்றி அளவுக்குக் கிடைக்கலாம் என்கிறது ரேட்டிங்கைக் கணக்கிடும் எலோ முறை. ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் கே மதிப்பு அவன் வயதில் 40. தோற்றதில் ரேட்டிங்கில் போனது நாலு புள்ளிகூட இல்லை; ஜெயித்திருந்தால் 36 ஏறியிருக்கும். அன்று வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டியது எதிரே உட்கார்ந்தவருக்கு.

நகர்த்தல்களை எழுதிவைத்த ஸ்கோர் ஷீட் இருக்கிறதல்லவா? ராணியை மாற்றிய இடத்தில் காய்களை நிறுத்தி, மாற்றாமல் வேறென்ன ஆடியிருக்கலாம் என்று அவனைக் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.