கேட்காத வேலைக்கு பில் போட்டால் பணத்தைத் திரும்பப் பெறலாமா?

கேள்வி: காரின் கதவுக் கண்ணாடி இறங்கவில்லை என்று, வண்டி வாங்கிய டீலரின் சர்வீஸ் சென்டரில் விட்டேன். சுவிட்ச் போய்விட்டது, மாற்றினால் போதும் என்றார்கள். மாலையில் போனால் சுவிட்சோடு ஏசி க்ளீனிங், இன்ஜின் கோட்டிங், வீல் அலைன்மென்ட் எல்லாம் பில்லில் இருக்கிறது. ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் தாள்) கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்கிறார்கள். பணம் கட்டினால்தான் வண்டி என்றதால் கட்டிவிட்டேன். வெளியே ரிப்பேர் செய்தால் வாரண்டி போய்விடும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வாரண்டி போய்விடும் என்றால் அது இன்னும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் சுவிட்சுக்கே எதற்குப் பணம்? வாரண்டி புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் புகுந்தது, அடிபட்டது போன்ற காரணம் இல்லாமல் சுவிட்ச் தானாகக் கெட்டிருந்து, விலக்குப் பட்டியலிலும் அது இல்லை என்றால், இலவசமாக மாற்றித் தந்திருக்க வேண்டும். வாரண்டி ஏன் பொருந்தாது என்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, ஜாப் கார்டு. நீங்கள் கையெழுத்துப் போட்டபோது அதில் என்ன எழுதியிருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'கண்ணாடி இறங்கவில்லை' என்ற ஒரே புகாருக்குக் கீழே போட்ட கையெழுத்து, பிறகு அவர்களாகச் சேர்த்த வேலைகளுக்குச் சம்மதம் ஆகாது. உங்களிடம் நகல் இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள். கூடுதல் வேலைக்கு போனிலோ வாட்ஸ்அப்பிலோ 'சரி' சொன்னீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் அந்த வேலைக்குப் பணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அப்புறம், வீல் அலைன்மென்ட் உண்மையிலேயே செய்திருந்தால் மெஷினிலிருந்து அளவுகளோடு ஒரு பிரிண்ட் எடுத்திருப்பார்கள். அதைக் கேளுங்கள். கழற்றிய பழைய சுவிட்சையும் கேளுங்கள். சுவிட்ச் பேக்கிங்கில் அச்சிட்ட எம்ஆர்பி வரிகளையும் சேர்த்த விலை. அதற்கு மேல் வாங்கக் கூடாது.

வண்டியைப் பிடித்து வைத்தது சரியா? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆவது பிரிவு, ஒப்படைத்த பொருளில் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர் கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் எந்த வேலைக்காக ஒப்படைத்தோமோ அந்த வேலையின் கூலிக்குத்தான் அந்த உரிமை. கேட்காத வேலைக்கு இல்லை. இதையெல்லாம் கேஷ் கவுண்டரில் நின்று வாதாடி வெல்ல முடியாது என்பதால், நீங்கள் பணம் கட்டி வண்டியை எடுத்து வந்ததே நல்லது. பில்லில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதியிருந்தால் இன்னும் பலம். எழுதவில்லையா? பரவாயில்லை, இன்றே ஈமெயிலில் ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள்.

வெளியே ரிப்பேர் செய்தாலே வாரண்டி முழுதும் ரத்து என்ற மிரட்டல் எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில் இப்படி ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றது. வெளியில் செய்த தவறான வேலையால் ஏற்பட்ட பழுதுக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனதால், நடைமுறையில் உங்கள் வாரண்டி புத்தகத்தின் வாசகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் மேனேஜருக்கும் கார் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே ஈமெயில் அனுப்புங்கள். பில்லில் உள்ள எந்தெந்த வேலைக்கு, பொருளுக்குப் பணம் திரும்ப வேண்டும் என்று குறிப்பிட்டு 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். இரண்டு ஆண்டு காலக்கெடு உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பணத்தோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேட்கலாம். பில் தொகைக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய தொகையை மட்டும் கேட்காதீர்கள். நியாயமான உங்கள் புகாரின் மதிப்பை அது குறைத்துவிடும்.