இரவில் பூக்கும் செடிகளை விதை போட்டு வளர்க்க முடியுமா, கன்று வாங்குவதுதான் நல்லதா?

முடியும். என் வீட்டு வாசலில் நிற்கும் பவளமல்லி நான் விதை போட்டு வளர்த்தது. வருகிற மாசியோடு 9 வயது முடிகிறது.

நீங்கள் சொல்லவில்லை, ஆனால் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சொந்த மண் இருப்பவர்கள் நர்சரியில் கன்று வாங்கி நட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். விதையைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் இருக்கும் செடியை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக ஆசைப்படுபவர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கும்பகோணத்தில் 11 வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தோம். கொல்லைப் படியை ஒட்டி ஒரு பவளமல்லி. வீட்டைக் காலி செய்யச் சொன்னது தை மாதம். பூ ஓய்ந்து, காய் காய்ந்து தொங்கிய சமயம். காய் தட்டையாக, ஒரு ரூபாய்க் காசு அளவில், நுனியில் சின்ன மூக்கோடு இருக்கும். பச்சைக் காயைப் பறிக்காதீர்கள். பழுத்துக் காய்ந்து காகிதம் மாதிரி ஆனதும் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினால் இரண்டாகப் பிளக்கும். பாதிக்கு ஒரு விதை. 30 காய் பிளந்தேன், நிறைய சப்பை. விரலால் அழுத்திப் பார்த்துக் கெட்டியாக இருந்த 22 விதைகளைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

தஞ்சாவூருக்கு வந்து சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே அவற்றை ஊறவைத்தேன். ஒரு ராத்திரி ஊறினால் போதும். மறுநாள் பால் கவர்களின் அடியில் ஓட்டை போட்டு, மணல், செம்மண், மட்கிய சாணம் மூன்றும் கலந்து, கால் அங்குல ஆழத்தில் ஒவ்வொன்றாகப் புதைத்தேன். விதை புதிதாக இருக்க வேண்டும். எப்போதோ எடுத்து டப்பாவில் கிடந்ததைப் போட்டுவிட்டு, பவளமல்லி விதையில் வராது என்று ஊருக்கெல்லாம் சொல்பவர்களை எனக்குத் தெரியும்.

18 நாள் ஒன்றுமில்லை. 19ஆம் நாள் காலையில் மண் லேசாக விரிந்திருந்தது. மொத்தம் 7 முளைத்தன. இரண்டு, நான் தண்ணீர் அதிகம் விட்டதில் தண்டு அழுகிப் போயின. மூன்றைத் தெருவில் கொடுத்தேன். ஒன்று வேலி போட வந்த ஆட்களின் காலில் மிதிபட்டது. மிஞ்சிய ஒன்றுதான் இந்த மரம். களை என்று சந்தேகம் வந்தால் இலையைத் தடவிப் பாருங்கள். கன்று கொஞ்சம் வளர்ந்ததும் இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று கைக்குத் தட்டுப்படும்.

பதியனோ குச்சியோ வைத்தால் சீக்கிரம் பூக்குமே என்று யாராவது எழுதுவார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. எனக்கு மூன்றாவது புரட்டாசியில்தான் முதல் பூ வந்தது. ஆனால் காலி செய்யச் சொல்லிவிட்ட வீட்டின் மரத்தில் பதியன் போட்டு வேர் விடும் வரை காத்திருக்க எனக்கு நாள் இல்லை.

அந்த வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பவளமல்லிக் காம்பில் சாயம் உண்டு, அந்தக் காலத்தில் துணிக்கே போட்டிருக்கிறார்கள். உதிர்ந்த பூ மிதிபட்டுக் கொல்லைப் படி மஞ்சளாகியிருந்தது. அதைக் காட்டி அட்வான்ஸில் 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். மரம் அவருடையது, நாங்கள் குடிவருவதற்கு முன்பே நின்றது. 11 வருடத்தில் ஒரு மாத வாடகை தள்ளிப்போனதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் வெள்ளையடிப்புக்குக் கழிப்போம் என்று ஒரு வரி போட்டுக்கொண்டு, கடைசியில் கண்ணில் படுவதற்கெல்லாம் கழிக்கிறார்கள். வீட்டுக்கு வரும்போதே சுவரையும் படியையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செடிக்கு வருகிறேன். பவளமல்லி வேண்டாம், சின்னச் செடி போதும் என்றால் அந்திமந்தாரை போடுங்கள். கறுப்பு மிளகு மாதிரி விதை, ஒரு வாரத்தில் முளைத்துவிடும், சில மாதத்திலேயே பூக்கும். குழந்தைகள் இருந்தால் கவனம், விதையும் கிழங்கும் விஷம். நிஷாகந்திக்கு மட்டும் விதை தேடி அலையாதீர்கள், இலை மாதிரி இருக்கும் அதன் தட்டைத் தண்டு ஒன்றை மண்ணில் செருகினால் வேர் விடும்.

எனக்கு மனம் பவளமல்லியில்தான். திருக்களர் கோயிலில் தலமரமே இதுதான், அங்கே பாரிஜாதம் என்பார்கள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த லத்தீன் பெயரில் துயர மரம் என்று பொருள் வருகிறது, விடிவதற்குள் பூவெல்லாம் கொட்டிவிடுவதால். எனக்கு அந்தப் பெயரில் சம்மதம் இல்லை. மாலை ஆறரைக்கு மொட்டு முறுக்கிய திரி மாதிரி இருக்கும். விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தால் நடுவில் செம்மஞ்சள் தெரிய வெள்ளை இதழ்கள் காற்றாடி போலப் பிரிந்திருக்கும். காலையில் வாசலில் ஒரு துணியை விரித்து வைக்கிறேன். மற்ற பூக்களில் கீழே விழுந்ததைச் சாமிக்கு வைக்கமாட்டோம், இதில் விழுந்ததைத்தான் வைக்கிறோம்.

இப்போது கார்த்திகை. எங்கள் மரத்தில் காய் பச்சையாக இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த வீட்டில் மரம் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள், தை பிறந்ததும் காய்ந்ததாகப் பார்த்துப் பறிக்கலாம்.